சாயங்காலம் சரியாகிவிடும் முதுகு

வாசகர் கடிதம்:

"வயது 29. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கூட்டுக்குடும்பம். கணவரும் மூத்தாரும் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார்கள். நானும் ஓரகத்தியும் வீட்டு வேலை போக மீதி நேரத்தில் கொலுசுக்கு மணி கோர்ப்போம். மூன்று வயதில் ஒரு பையன், சிசேரியன். அவன் பிறந்து நாலைந்து மாதத்தில் எனக்கு இடுப்புக்குக் கீழே வலி தொடங்கியது. முதுகில் போட்ட ஊசி என்றார்கள், பிள்ளை பெற்ற உடம்பு என்றார்கள். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. போன வருடம் ஒரு மூட்டுவாத மருத்துவர் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார். 'ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ், ஆரம்ப நிலை. எச்.எல்.ஏ. பி27 பாசிட்டிவ். இது கூடவே இருக்கும்' என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்.

காலை எட்டரை வரை என்னால் குனிய முடியாது. தண்ணீர் விடுகிற நாளில் விடியற்காலையில் எல்லோரும் குடத்தோடு ஓட, நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பத்து மணிக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகி, சாயங்காலம் எல்லோரையும் போல ஆகிவிடுகிறேன். 'காலைல வேலை இருக்கறப்ப வர்ற வலி, சாயங்காலம் எங்க போகுது?' என்கிறார் மாமியார். ஆடியில் குகை வண்டி வேடிக்கை பார்க்கப் போனேன். மறுநாள் எழுந்திருக்க முடியவில்லை. 'வேடிக்கை பாக்க மட்டும் முதுகு வலிக்கலையா?' என்று ஓரகத்தி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. ஏற்காட்டில் அம்மா வீட்டுக்குப் போனால் வலி பாதியாகிவிடுகிறது. 'மாமியார் வீட்டுல மட்டும் வர்ற வியாதி' என்று அதற்கும் பெயர் வைத்துவிட்டார்கள். கணவர் நம்புகிறார், ஆனால் வாய் திறப்பதில்லை. 'அந்த மாத்திரை சாப்பிட்டா கிட்னி போயிடும்' என்று ஓரகத்தி வேறு பயமுறுத்துகிறார்.

இவர்களை எப்படி நம்ப வைப்பது? சில நாள் எனக்கே சந்தேகம் வருகிறது, நான்தான் பெரிதுபடுத்துகிறேனோ என்று. இப்படியே எத்தனை வருடம் என்று நினைத்தால் எதுவுமே வேண்டாம் போலிருக்கிறது. இன்னொரு குழந்தை பெறலாமா என்பதையும் சொல்லுங்கள்."

பதில், சேலத்திலிருந்து ஓர் இயன்முறை மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்):

சகோதரி, அந்த ஊசியை முதலில் கணக்கிலிருந்து எடுத்துவிடுவோம். சிசேரியனுக்காக முதுகில் போடும் மரத்துப்போகிற ஊசி, போட்ட இடத்தில் சில நாள் வலிக்கலாம். சிலருக்குத் தலைவலி வரும். வருடக்கணக்கில் நீடிக்கும் முதுகுவலிக்கு அது காரணமில்லை. அந்த ஊசியே போடாமல் சுகப்பிரசவம் ஆனவர்களுக்கும் பிள்ளை பெற்றபின் முதுகு வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் நம் ஊரில் பெண்ணுக்கு வரும் எந்த முதுகுவலியும் அந்த ஊசியின் தலையில்தான் விழுகிறது. விழுந்த கையோடு விசாரணையும் முடிந்துவிடுகிறது. உங்கள் நோய் இரண்டு வருடம் பெயரில்லாமல் கிடந்ததில் அந்த ஊசிக் கதைக்கும் பங்கு உண்டு. இன்னொரு பங்கு எங்கள் பக்கம் உள்ளவர்களுக்கு. இது இளவயது ஆண்களின் நோய் என்றே பாடப்புத்தகங்கள் நெடுங்காலம் எழுதிவந்தன. பெண்களுக்கும் வருகிறது, அவர்களுக்கு முதுகெலும்பு ஒட்டிக்கொள்வது மெதுவாகவும் குறைவாகவும் நடப்பதால் எக்ஸ்ரே பல வருடம் சுத்தமாக இருக்கும். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தால் அந்தப் பெண்ணுக்கு 'டென்ஷன்' என்று ஒரு பெயர் கிடைக்கும், ஒரு சத்து மாத்திரையும் கிடைக்கும். எக்ஸ்ரேயில் தெரியாத இந்த ஆரம்ப நிலையையும் சேர்த்து, ஆக்ஸியல் ஸ்பாண்டைலோஆர்த்ரைட்டிஸ் என்ற பொதுப்பெயரில்தான் இப்போது மருத்துவர்கள் சொல்கிறார்கள். உங்கள் சீட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் குழம்ப வேண்டாம்.

இனி மாமியாரின் கேள்விக்கு வருகிறேன். அவர் கேட்டது குத்தல்தான். ஆனால் கேள்வி சரியான கேள்வி. காலையில் இருந்த வலி சாயங்காலம் எங்கே போகிறது? மூட்டுவாத மருத்துவர் உங்களிடம் முதலில் கேட்டிருக்கக்கூடிய கேள்வியும் இதுதான்.

பாரம் தூக்கி வருகிற முதுகுவலி, தசைப்பிடிப்பு, டிஸ்க் வலி இவையெல்லாம் வேலை செய்தால் கூடும், படுத்தால் குறையும். நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த முதுகுவலி அதுதான். உங்களுடையது நேர் எதிர். முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேருகிற இரண்டு மூட்டுகளில் அழற்சி. அடிபடாமலே, கிருமி இல்லாமலே, உடம்பின் எதிர்ப்புச்சக்தியே அங்கே போய்ச் சண்டையிடுகிறது. இந்த வகை வலிக்கு ஓய்வு எதிரி. அசையாமல் கிடந்தால் இறுகும். அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருட்கள் பின்னிரவிலும் விடியற்காலையிலும்தான் உடம்பில் அதிகம். அதனால் நள்ளிரவு தாண்டி இரண்டு மூன்று மணிக்கு வலி எழுப்பிவிடும். விடியும்போது முதுகு பலகையாக இருக்கும். எழுந்து நடமாட நடமாட இளகும். நாற்பது, நாற்பத்தைந்து வயதுக்குள் மெல்லத் தொடங்கி, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து, காலையில் அரைமணி நேரத்துக்கு மேல் இறுகி, நடந்தால் குறைந்து, படுத்தால் குறையாத முதுகுவலி என்றால் நாங்கள் இந்த நோயைத்தான் முதலில் நினைப்போம். ஆக, நீங்கள் நடிக்கிறீர்கள் என்பதற்கு உங்கள் வீட்டார் காட்டும் சாட்சி எல்லாமே உங்கள் நோயின் அடையாளம்.

வண்டி வேடிக்கையும் அப்படித்தான். குகைவரை நடந்து போனது உங்களுக்கு நல்லதே செய்திருக்கும். சாமி வேடம் கட்டிய வண்டிகள் ஒவ்வொன்றாக வரும்வரை கூட்டத்தில் இடிபட்டு ஒரே இடத்தில் நின்றதும், தாமதமாகப் படுத்ததும்தான் மறுநாள் காலையில் வசூலித்துவிட்டன. அடுத்த ஆடிக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். போங்கள். ஓரமாக நின்று, அவ்வப்போது நாலடி நடந்து, கிடைத்த திண்ணையில் உட்கார்ந்து எழுந்து பாருங்கள். மறுநாள் தண்ணீர் விடுகிற நாளா என்று முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டு விஷயமும் எனக்கு விளங்குகிறது. மலைக்குளிரில் இறுக்கம் கொஞ்சம் கூடுதலாகத் தெரிய வேண்டும், உங்களுக்கோ குறைகிறது. குளிர் இந்த நோயை வளர்ப்பதும் இல்லை, வெயில் தணிப்பதும் இல்லை. அங்கே என்ன செய்கிறீர்கள் என்று யோசியுங்கள். ஏற்காட்டில் எங்கே போனாலும் ஏற்றம் இறக்கம். பால் வாங்கப் போனால்கூட நடைதான். தரையில் குந்தி, குனிந்த முதுகோடு மணி கோர்க்கும் வேலை இல்லை. விடிந்தும் விடியாமலும் எழுப்ப ஆளில்லை, இறுக்கம் விடும்வரை அம்மா ஒன்றும் சொல்லப்போவதில்லை. தூக்கம் நிறைவாக இருக்கிறது, மனதும் நெருக்கப்படுவதில்லை. தூக்கமும் மனதும் வலியைக் கூட்டிக் குறைக்கும் என்பதால் வலியே பொய் என்று ஆகிவிடாது. இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது இடுப்பு பிடித்திருக்குமே, கவனித்திருக்கிறீர்களா? அந்த ஒரு மணி நேரம் உட்கார்ந்தே வந்ததன் கூலி அது. மாமியார் வீடு அதற்குள் வந்திருக்காது.

எப்படி நம்ப வைப்பது என்று கேட்டீர்கள். என் அபிப்பிராயம் கொஞ்சம் கசப்பாக இருக்கலாம்: நம்ப வைக்கிற வேலையைக் கைவிடுங்கள். வலியை யாருக்கும் எடுத்துக் காட்ட முடியாது. காட்ட முயன்றால் இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, முனகலைக் கொஞ்சம் கூட்டுவீர்கள், நடையைக் கொஞ்சம் சாய்ப்பீர்கள்; அதைக் கண்டுபிடிக்க ஓரகத்திக்கு அரைநாள் போதும். அல்லது, சோம்பேறி இல்லை என்று நிரூபிக்கச் சாயங்காலம் மூன்று பேர் வேலையை ஒரே மூச்சில் செய்வீர்கள். மறுநாள் காலை இன்னும் மோசமாக விடியும். 'நேத்து அத்தனை வேலை செஞ்சவதானே' என்று அதுவும் உங்களுக்கு எதிராகவே திரும்பும். என்னிடம் வருகிற பெண்களில் பலர் இந்த இரண்டாவது வலையில்தான் விழுந்து கிடக்கிறார்கள்.

நம்பிக்கை கேட்பதற்குப் பதிலாக நேரத்தைக் கொடுங்கள், வேலையை மாற்றிக் கேளுங்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கண்ணுக்குத் தெரிகிற நோய்களா என்ன? ஆனாலும் வீட்டில் யாருக்காவது சர்க்கரை 280 என்று ரிப்போர்ட் வந்தால் வீடே பாயசத்தை ஒளித்து வைக்கிறது. ஓர் எண் இருப்பதால் அதை யாரும் நடிப்பு என்பதில்லை. உங்கள் நோயில் அந்த வசதி குறைவு. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. சோதனைகள் இரண்டுமே சரியாக இருந்துகொண்டு, முதுகு மட்டும் இறுகிக் கிடப்பவர்கள் நிறைய. அதனால்தான் 1994-இல் இங்கிலாந்தின் பாத் நகரத்து மருத்துவர்கள் ஆறே கேள்விகளில் ஒரு அளவுகோல் தயாரித்தார்கள். பாஸ்டாய் என்று சொல்வோம். உலகம் முழுக்க இன்றும் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது. அசதி எவ்வளவு, முதுகு-கழுத்து-இடுப்பு வலி எவ்வளவு, மற்ற மூட்டுகளில் வீக்கம் எவ்வளவு, தொட்டால் வலிக்கும் இடங்கள் எப்படி, காலை இறுக்கம் எவ்வளவு கடுமை, எவ்வளவு நேரம் என்று ஒவ்வொன்றுக்கும் பத்துக்குள் மதிப்பெண் போட வேண்டும். கணக்கிட்டு வரும் எண் நாலு அல்லது அதற்கு மேல் என்றால் நோய் அடங்கவில்லை என்று பொருள். நோயாளி சொல்வதையே அளவாக எடுத்துக்கொள்கிற அளவுகோல் அது. மருத்துவமே உங்கள் வார்த்தையைத்தான் நம்புகிறது, பாருங்கள். அதைவிட நல்ல கருவி இன்னும் அதற்குக் கிடைக்கவில்லை.

உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையில் உறுத்தியது மாமியாரின் பேச்சு இல்லை, அந்த எட்டரை மணி. விடியற்காலையில் எழுகிறவருக்கு எட்டரை வரை இறுக்கம் என்றால் மூன்று மணி நேரத்துக்கு மேல். அந்த அளவுகோலில் நேரத்துக்கான கேள்வியின் உச்சமே 'இரண்டு மணி நேரம் அல்லது அதற்கு மேல்' என்பதுதான். ஒரு வருடம் சிகிச்சையில் இருப்பவருக்கு இது ஆகாது. மாத்திரையைத் தினமும் சாப்பிடுகிறீர்களா, வலிக்கிற நாளில் மட்டுமா? கடிதத்தில் அது இல்லை. கிட்னிப் பயத்தில் பாதி நாள் விட்டுவிடுகிறீர்கள் என்று என் ஊகம். வீட்டாரிடம் வழக்காடிக்கொண்டே இருந்ததில், சிகிச்சை போதவில்லை என்பது உங்கள் கண்ணிலேயே படாமல் போயிருக்கிறது.

ஆகையால் ஒரு நோட்டு போடுங்கள். எழுந்த நேரம், குனிந்து தரையைத் தொட முடிந்த நேரம், இரவில் வலி எழுப்பியதா, மாத்திரை சாப்பிட்டீர்களா. இவ்வளவு போதும். ஒரு மாதம் எழுதி மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். மாத்திரை எழுதுவது என் வேலை இல்லை, ஆனால் வழக்கம் என்ன என்று சொல்லலாம். இந்த நோய்க்கு முதல் மருந்தே அழற்சி குறைக்கும் வலிநீக்கி மாத்திரைதான். ஒன்று கேட்காவிட்டால் வேறொன்று என்று முழு அளவில் சில வாரம் பார்ப்பார்கள். இரண்டுமே போதாவிட்டால் எதிர்ப்புச்சக்தியின் அந்தச் சண்டையை அடக்கும் அடலிமுமாப் போன்ற உயிரியல் ஊசிகளைப் பற்றிப் பேசுவார்கள். உள்ளே அடங்கிக் கிடக்கும் காசநோயை அந்த ஊசி எழுப்பிவிடக்கூடும் என்பதால் முன்னதாக டி.பி. சோதனை கட்டாயம். 2014-இல் இந்திய நிறுவனமே அடலிமுமாப் தயாரிக்கத் தொடங்கிய பிறகு விலை இறங்கியிருக்கிறது. அப்படியும் பட்டறை வருமானத்துக்கு அது சின்னத் தொகை இல்லை. கூச்சப்படாமல் செலவையும் மருத்துவரிடம் பேசுங்கள். கிட்னிப் பயத்தில் முழுப் பொய்யும் இல்லை. இந்த வகை மாத்திரைகள் வயிற்றையும் சிறுநீரகத்தையும் ரத்த அழுத்தத்தையும் பாதிக்கக்கூடும். அதற்காகத்தான் சாப்பிட்ட பின் போடச் சொல்வதும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தச் சோதனையை அவ்வப்போது பார்ப்பதும். எழுதிக் கொடுத்த மாத்திரைக்கு மேல் மெடிக்கலில் இன்னொரு வலி மாத்திரை வாங்கிப் போடுவதுதான் பெரிய ஆபத்து.

வீட்டு ஏற்பாடு. இதை மாமியாரிடம் நீங்களே பேச வேண்டும், சாயங்காலத்தில், நீங்கள் நன்றாக இருக்கும் நேரத்தில். காலையில் கட்டிலைப் பிடித்துக்கொண்டு பேசினால் அது சண்டையாகவே முடியும். வேலையிலிருந்து விலக்குக் கேட்டால் ஓரகத்தி தலையில் பாரம் ஏறும். அவர் எரிச்சலில் நியாயம் இருக்கிறது, இப்போதே காலை வேலை முழுக்க அவர்தானே செய்துகொண்டிருக்கிறார்? அதனால் பண்டமாற்று கேளுங்கள். "அத்தை, காலைல எட்டரை வரைக்கும் என் முதுகு எங்கிட்ட இல்லீங்க. தண்ணியும் வாசலும் அக்கா பாத்துக்கட்டும். ராத்திரி பாத்திரம், அடுத்த நாளுக்குக் காய் நறுக்கறது, மாவு ஆட்டறது, ரெண்டு வீட்டுப் பிள்ளைங்களுக்கும் பாடம் சொல்றது எல்லாம் எம் பொறுப்பு." இவ்வளவுதான். எச்.எல்.ஏ. பி27 எல்லாம் அங்கே வேண்டாம். ஓரகத்தியிடம் தனியாக ஒரு வார்த்தை, "அக்கா, காலைல நீங்க ஒண்டியா அல்லாடறது எனக்குத் தெரியுதுங்க" என்று. அவரும் இந்த மூன்று வருடமாக யாராவது இதைச் சொல்ல மாட்டார்களா என்று காத்திருக்கக்கூடும்.

மாமியார் ஒரே நாளில் மாறமாட்டார். நடுவில் குத்தலும் வரும். ஆனால் இரவில் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் தினமும் கண்ணில் படும். நம்பாமலேயே ஒரு மாமியார் ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொள்ளலாம். உங்கள் முதுகுக்குத் தேவைப்படுவது அதுதான்.

கணவருக்கு: ஐயா, உங்கள் மனைவி நீங்கள் நம்புவதாக எழுதியிருக்கிறார். நம்புவதை மனதுக்குள் வைத்துக்கொண்டால் அவருக்கு ஒரு குடம் தண்ணீர்கூடக் குறையாது. தண்ணீர் விடுகிற நாளில் நீங்கள் நாலு குடம் பிடித்தால் பட்டறை நின்றுவிடாது. அடுத்த முறை மருத்துவரிடம் நீங்களும் போங்கள். முடிந்தால் அம்மாவையும் அழைத்துப் போங்கள். மருமகள் சொன்னால் சாக்கு, டாக்டர் சொன்னால் வியாதி. உலகம் அப்படித்தான் இருக்கிறது, பயன்படுத்திக்கொள்வோம்.

"எதுவுமே வேண்டாம் போலிருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் தாண்டிப் போக மாட்டேன். அலுப்பில் சொல்வதும் உண்டு, உயிரையே விட்டுவிடலாம் என்ற நினைப்பில் சொல்வதும் உண்டு. உங்களுடையது எது? இரண்டாவது என்றால், ஒருநாள் வந்து போன நினைப்பாக இருந்தாலும், இன்றே கணவரிடமோ அம்மாவிடமோ அதே வார்த்தையில் சொல்லிவிடுங்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) ஆலோசகர்கள் தமிழிலேயே பேசுவார்கள், எந்த நேரமும், கட்டணமில்லாமல். 104-க்கும் கூப்பிடலாம். நீண்டகால அழற்சியும் தூக்கமில்லாத இரவும் மனச்சோர்வைக் கொண்டுவரும். உங்களைப் போன்றவர்களில் பலருக்கு வருகிறது, அதற்கும் சிகிச்சை உண்டு. மூட்டுவாத மருத்துவரிடம் முதுகை மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பாதீர்கள். பெரிதுபடுத்துகிறேனோ என்ற சந்தேகம் இருக்கிறதே, அது வெளியிலிருந்து வந்தது. மூன்று வருடம் ஒரே பேச்சைக் கேட்டால் யாருக்கும் ஒட்டிக்கொள்ளும். எம்.ஆர்.ஐ. படம் உங்கள் மாமியார் பேச்சைக் கேட்டு வந்ததில்லை.

இனி என் தொழில். இந்த நோயில் உடற்பயிற்சி பாதி மருந்து. மாத்திரை வலியைக் குறைக்கும். முதுகு நிமிர்ந்தே நிற்க வேண்டுமானால் தினசரி அசைவு வேண்டும். கண் விழித்ததும் எழ முயலாதீர்கள். படுத்தபடியே இரண்டு முழங்காலையும் மடக்கி வலமும் இடமும் மெல்லச் சாயுங்கள், பிறகு ஒவ்வொரு காலாக நெஞ்சை நோக்கி இழுங்கள். ஒருக்களித்து, கையை ஊன்றி எழுங்கள். முடிந்தால் முதல் வேலையே வெந்நீர்க் குளியல். குளித்த கையோடு கைகளையும் முழங்காலையும் ஊன்றி முதுகை மேலே வளைத்து, கீழே இறக்கி, பத்துத் தடவை. விலா விரிய மூச்சை இழுத்து விடுவது மறக்கக் கூடாதது. இந்த நோய் விலா எலும்புகள் முதுகோடு சேரும் இடத்தையும் பிடிக்கும், மூச்சு விரிவது குறைந்துபோகும். பகலில் ஒரு வேளை பத்துப் பதினைந்து நிமிடம் குப்புறப் படுங்கள். பையன் மேலே ஏறி உட்காருவான், பரவாயில்லை, பிடித்து இறக்கிவிட்டுத் தொடருங்கள். தலையணை மெல்லியதாக இருக்கட்டும்.

மணி கோர்க்கிற வேலையை விடச் சொல்ல மாட்டேன், உட்காரும் விதத்தை மாற்றச் சொல்வேன். தரையில் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்து, கழுத்தைக் கவிழ்த்துச் செய்வதுதான் இந்த முதுகுக்கு ஆகவே ஆகாத இருப்பு. ஒரு மேசை, முதுகு சாயும் நாற்காலி, கண்ணுக்கு நேரே கொண்டுவர உயரமான பலகை, நல்ல விளக்கு. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து வாசல்வரை போய் வாருங்கள். சாயங்காலம் நடை. ஏற்காட்டில் செய்வதைச் செவ்வாய்ப்பேட்டையிலும் செய்ய வேண்டியதுதான், ஏற்றம் மட்டும் கிடைக்காது.

மாதம் ஒருமுறை சுவரில் சாய்ந்து நில்லுங்கள். குதிகாலும் முதுகும் சுவரில் பட, தாடையைத் தூக்காமல் பின்தலை சுவரைத் தொடுகிறதா பாருங்கள். இப்போது தொடும். தொடாமல் போகிற மாதம் ஒன்று வந்தால் உடனே சொல்ல வேண்டும்.

யார் சொன்னாலும் செய்யக் கூடாத சில உண்டு. முதுகில் ஏறி மிதிக்கச் சொல்வது, சுளுக்கு எடுப்பவரிடம் கழுத்தைச் சொடுக்கக் கொடுப்பது, இரண்டும் கூடாது. இறுகிய முதுகெலும்பு எளிதில் முறியும். பேர் ஊர் இல்லாத பொட்டலத்தில் வரும் சூரணம் சாப்பிட்ட மூன்றாம் நாளே வலி பறந்தால் மகிழ்ச்சியடைய வேண்டாம், சந்தேகப்படுங்கள். அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்து விற்பது நம் நாட்டில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. ஏற்கெனவே மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்தாமல் மருத்துவரிடம் பொட்டலத்தையே காட்டுங்கள். இன்னொன்று, ஒரு கண் மட்டும் சிவந்து, வலித்து, வெளிச்சம் பார்க்கக் கூசினால் அது மெட்ராஸ் ஐ இல்லை. இந்த நோய்க்காரர்களில் நாலில் ஒருவருக்காவது வாழ்நாளில் கண்ணின் உள்ளே அழற்சி வருகிறது. அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள், சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டாம்.

இன்னொரு குழந்தை தாராளமாகப் பெறலாம். ஆனால் நோயை அடக்கிவிட்டு, மூட்டுவாத மருத்துவருக்கும் மகப்பேறு மருத்துவருக்கும் சொல்லிவிட்டு. வலிநீக்கி மாத்திரைகளைக் கர்ப்பத்தின் பிற்பகுதியில் தவிர்க்க வேண்டியிருக்கும். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்தை எழுதியிருந்தால் கருத்தரிக்க முயல்வதற்கு முன்பே நிறுத்தியாக வேண்டும். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். சில மருந்துகளைக் கர்ப்பத்திலும் தொடரலாம். கை மூட்டுகளைப் பிடிக்கும் முடக்குவாதம் கர்ப்பத்தில் பலருக்குத் தணியும். இது பெரும்பாலும் அப்படித் தணிவதில்லை, பிரசவத்துக்குப் பிறகு கிளம்பவும் செய்யும். அதனால் அந்த முதல் ஆறு மாதத்துக்கு யார் உதவிக்கு இருப்பார்கள் என்பதை இப்போதே பேசி வையுங்கள். ஏற்காட்டிலிருந்து அம்மா இறங்கி வருவாரா, நீங்கள் மேலே போவீர்களா?

பையனுக்கும் இது வருமா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்கத் தயங்கியிருப்பீர்கள். உங்கள் ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் என்று வந்த எச்.எல்.ஏ. பி27 மரபணு உங்களிடமிருந்து அவனுக்குப் போயிருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. போயிருந்தாலும் அந்த மரபணு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதே இல்லை. இருபதை ஒட்டிய வயதில் அவன் காலையில் முதுகு பிடிக்கிறது என்றோ, கண் சிவந்து வலிக்கிறது என்றோ சொன்னால், அம்மாவுக்கு இந்த நோய் உண்டு என்று மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அதுவரை அவன் ரத்தத்தை எடுத்துச் சோதிக்க வேண்டியதில்லை.